மரமும் சாட்சி சொல்லும்

காற்று கெட்டுவிட்டதா என்று அறியக் கருவி வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கருவி இல்லாத ஊர்க்காரர்களும் மூச்சு விடத்தானே செய்கிறார்கள்? அவர்களுக்குச் சாலையோரத்து மரமே பல செய்திகளைச் சொல்லும் என்பது என் கருத்து.

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் கல்பாசியை எடுத்துப் பாருங்கள். குருமாவில் மணக்கும் அந்தச் சருகு செடியும் அன்று, வெறும் பாசியும் அன்று. பூஞ்சையும் பாசியும் ஒரே உடலாய்க் கூடி வாழும் லைக்கன் என்னும் உயிர் அது. மண்ணில் ஊன்றி உண்ணும் வேர் அதற்குக் கிடையாது. மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் வருவதை உடல் முழுவதாலும் உறிஞ்சுகிறது. இலைக்கு உள்ள மெழுகுப் பூச்சும் அதற்கு இல்லை. ஆகவே கந்தக டைஆக்சைடு கலந்த காற்றில் லைக்கன் இனங்கள் பல, மரங்கள் வாடுமுன்னரே மடிந்துபோகின்றன.

பாரிஸ் நகரத்து லக்சம்பர்க் தோட்டத்தில் செழித்திருந்த லைக்கன்கள் நகரின் பிற பகுதிகளில் அருகிப்போனதைக் கண்டு, அவை காற்றின் தூய்மையைக் காட்டுகின்றன என்று 1866-ஆம் ஆண்டிலேயே எழுதினார் பின்லாந்து அறிஞர் நைலாண்டர். நமக்கு அருகிலுள்ள பெங்களூரிலும் லால்பாக் தோட்டத்தையும் நகரத்தின் பிற இடங்களையும் ஆராய்ந்து, லைக்கன்கள் எங்கே வளர்கின்றன, அவற்றில் என்னென்ன உலோகங்கள் சேர்ந்துள்ளன என்று 2003-இல் அறிவியலார் வெளியிட்டனர். லண்டனில் நிலக்கரிப் புகை குறைந்த பிறகு, போன லைக்கன்கள் சில திரும்பி வந்தனவாம். இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடித்தது.

இலைகளும் பேசும். 1983-இல் சிங், ராவ் என்னும் இந்திய அறிவியலார் இருவர் ஒரு கணக்கு வகுத்தனர். இலையிலுள்ள வைட்டமின் சி, பச்சையம், நீரளவு, சாற்றின் அமிலத்தன்மை ஆகிய நான்கையும் சேர்த்து, எந்த மரம் மாசைத் தாங்கும், எது தாங்காது என்று சொல்லும் கணக்கு அது. இங்கேதான் எனக்கு ஒரு குறை. இக்கணக்கைக் கொண்டு தாங்கும் மரங்களையே தேடி நடச் சொல்கிறார்கள். தூசியை வடிகட்ட அவை உதவும், உண்மைதான். ஆனால் தாங்காத மரம் ஒன்றுகூட அங்கே இல்லையென்றால், காற்று கெட்டதை யார் நமக்குக் காட்டுவது? புகை விடுகிறவர்களுக்கு அது மிகவும் வசதியாகப் போய்விடாதா? இரண்டையும் நட வேண்டும் என்கிறேன்.

லைக்கன் இல்லாத இடமெல்லாம் நச்சுக்காற்று என்று சொல்லிவிடவும் கூடாது. நம் தருமபுரிச் சீமை வறண்ட பூமி. ஈரமின்மையாலும் அது வளராதிருக்கும். நைட்ரஜன் மாசை விரும்பி வளரும் லைக்கன்களும் உண்டு. ஆகவே ஒரே வகை மரத்தை, ஒரே பருமனில், ஒரே மழை பெய்யும் இடத்தில் ஒப்பிட வேண்டும்.

அதற்குப் புளியமரத்தைவிட நல்லது நமக்கு எது? சாலையோரத்திலும் இருக்கிறது, வயல் நடுவிலும் இருக்கிறது. சாலையை அகலமாக்க முதிர்ந்த புளியமரத்தை வெட்டும்போது நிழல் போயிற்று, புளி போயிற்று என்று வருந்துகிறோம். பல ஆண்டுகளாக அதன் பட்டையில் எழுதப்பட்ட காற்றின் வரலாறும் உடன் போகிறது. புதிதாக நடும் கன்றில் அது இராது. வெட்டுமுன் அதைப் படித்துக் குறித்துக்கொள்ளலாமே! அட்டையில் ஒரு சாண் சதுரம் வெட்டி, மார்பளவு உயரத்தில் பட்டைமேல் வைத்து, உள்ளே எத்தனை திட்டுகள், என்ன நிறம் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் அடுத்த ஆண்டு அதே மரத்தில், அதே பக்கத்தில் அட்டையை வைத்துப் பார்க்கட்டும்.