கில்லாடி யார்?

நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் இந்தி படிக்கிறார்கள். 'கேல்' என்றால் விளையாட்டு, 'கிலாடி' என்றால் விளையாடுபவர் என்று சின்ன வகுப்பிலேயே அவர்களுக்குத் தெரியும். 2024-இல் உலகச் சதுரங்கப் பட்டம் வென்ற சென்னை குகேஷ், இந்தி நாளேட்டுக்குக் கிலாடி; தமிழ் நாளேட்டுக்கு வீரர். ஆட்டக்காரர்களையெல்லாம் போர்க்களத்துக்கு அனுப்பிவிட்டு, கிலாடியைக் 'கில்லாடி' ஆக்கி வேறு வேலைக்கு வைத்துக்கொண்டோம் நாம்!

கணக்கில் கில்லாடி, சமையலில் கில்லாடி என்றால் மகா திறமைசாலி என்று பொருள். மறுப்பதற்கில்லை. ஆனால் எதில் என்று சொல்லாமல் 'ஆள் பலே கில்லாடி' என்றால் சொல்லின் முகமே மாறிவிடுகிறது. 2013-இல் வந்த 'கேடி பில்லா கில்லாடி ரங்கா' படத்தின் பெயரில் கேடியும் கில்லாடியும் ஜோடியாகவே வருகிறார்கள். இந்தியிலும் 'புரானா கிலாடி' என்று கண் சிமிட்டிச் சொல்வதுண்டு. ஆனால் 'மஞ்ஜா ஹுவா கிலாடி' என்றும் அங்கே சொல்வார்கள். தேய்த்து விளக்கிய பாத்திரம் போலப் பழகிப் பளபளத்தவர் என்று பொருள். எவ்வளவு அழகு!

இந்தியின் மேல் பழி போட வேண்டாம். நம் சொந்தச் சரக்கான 'கைகாரன்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். திறமைக்கு வைத்த பெயர், தந்திரக்காரனிடம் போய்ச் சேர்ந்தது.

ஊருக்குப் போகும் ரயிலில் காத்திருப்போர் பட்டியலைத் தாண்டி, யாரையோ பிடித்துப் படுக்கை வாங்கியவரை நாம் கில்லாடி என்கிறோம், பிள்ளைகள் காதுபட. நான் இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்தவன். இட்டார்சிப் பக்கம் எங்கள் கேங்கில் ஒரு மேட் இருந்தார். தண்டவாளத்தில் கன்னம் படுகிற மாதிரி குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளப் பார்ப்பார். இந்த இடத்தில் இறங்கியிருக்கிறது என்று கை காட்டுவார். மட்டம் வைத்தால் சில மில்லிமீட்டர்தான் குறைந்திருக்கும். ஆனால் இடம் தப்பாது. கீமேன், சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்டே சாவி தளர்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார். இவர்களுக்கு நாம் கொடுத்த பட்டம் 'பாவம், நல்ல உழைப்பாளி'. வேர்வை நம் கண்ணில் பட்டது, வித்தை படவில்லை.

அந்த மேட்டைப் பெரிய கில்லாடி என்று ஒருநாள் வீட்டில் சொன்னேன். "யாரை ஏமாத்தினார்ப்பா?" என்று கேட்டாள் என் மகள். அவள் மேல் என்ன குற்றம்? வீட்டில் கேட்டதுதானே.

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் சமையல்காரருக்குச் சால்வை போர்த்துகிறோம். இந்த முறை 'கடின உழைப்பாளி' என்று ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டாம். இருநூறு பேர் சாம்பாருக்குக் கண்ணளவிலேயே உப்புப் போடுகிறவர் அவர். கில்லாடி என்றே அறிவிக்கலாம். எதில் என்பதையும் சேர்த்து.