பூட்டும் கம்ப்யூட்டர்தான், அதுவும் ஹேங் ஆகும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு முதல் சில மாதங்களிலேயே ஓர் அனுபவம் கிடைத்துவிடும். மவுஸ் அசையாது. எந்தக் கீயை அழுத்தினாலும் பலன் இருக்காது. ஷட் டவுன் கட்டளை கொடுக்கலாம் என்றால் ஸ்டார்ட் மெனுவே திறக்காது. அப்போது என்ன செய்கிறோம்? பவர் பட்டனைச் சில நொடிகள் விடாமல் அழுத்துகிறோம். அதற்கும் மசியவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம். சேமிக்காத கடிதம் ஒன்று போகும், அவ்வளவுதான்.

இதேபோல் ஒரு கதவு ஹேங் ஆனால்?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காந்தப் பூட்டு பொருத்தினார்கள். வெளியிலிருந்து வர கார்டைக் காட்ட வேண்டும். உள்ளிருந்து போக ஒரு எக்சிட் பட்டனை அழுத்த வேண்டும். மின்வெட்டு வந்தால் மட்டும் கதவு தானாகத் திறந்துகொள்ளும். "இது என்ன பாதுகாப்பு? கரண்ட் போனால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாமே!" என்று குடியிருப்போர் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. "ஒரு பேட்டரியை இணைத்துவிட்டால் போயிற்று" என்று யோசனை சொன்னவன் நான்தான்.

ஒரு மே மாத மதியம், மாடிப்படிக்கு அருகிலுள்ள மீட்டர் போர்டிலிருந்து புகை வந்தது. ஒருவர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். நாங்கள் ஏழெட்டுப் பேர் வாசலுக்கு வந்தோம். எக்சிட் பட்டனை அழுத்தினேன். கதவு அசையவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினேன். வெளியில் நின்ற வாட்ச்மேன் தன் கார்டைக் காட்டிப் பார்த்தார். அதற்கும் பலனில்லை. எதிர்வீட்டுப் பாட்டி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் மகளின் கையைப் பிடித்தபடி நின்றார். கடைசியில் ஒரு கல்லூரி மாணவர் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். 'டக்' என்ற சத்தத்துடன் காந்தம் விட்டது. மூன்று நான்கு நிமிடங்கள்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பேட்டரி என் யோசனை அல்லவா?

என்ன நடந்தது?

காந்தப் பூட்டின் அமைப்பு மிக எளிமையானது. கதவு நிலையில் ஒரு மின்காந்தம், கதவில் ஓர் இரும்புத் தகடு. 12 வோல்ட் மின்சாரம் பாயும்வரை இரண்டும் ஒட்டியிருக்கும். பரவலாக விற்கும் ஒரு மாடலின் பிடிப்பு சுமார் 270 கிலோ. மனிதர்கள் தள்ளித் திறக்கும் விஷயமில்லை. ஆனால் மின்சாரம் நின்றால் பிடிப்பும் போய்விடும். இந்தக் குணம்தான் அதன் பாதுகாப்பு. அந்தக் குணத்தைத்தான் நாங்கள் பேட்டரி வைத்துக் கெடுத்தோம்.

எக்சிட் பட்டன் இருந்ததே என்பீர்கள். அது நேரடியாகப் பூட்டோடு இணைக்கப்படவில்லை. கன்ட்ரோலர் என்ற சின்னக் கம்ப்யூட்டரிடம் "திற" என்று அது கேட்கும். கன்ட்ரோலர்தான் மின்சாரத்தை நிறுத்தும். மின் கோளாறில் கன்ட்ரோலர் ஹேங் ஆகிவிட்டது. கேட்பதற்கு ஆளில்லை. பேட்டரியோ காந்தத்துக்கு உண்மையாக உழைத்துக்கொண்டிருந்தது.

ஆக, எக்சிட் பட்டன் என்பது ஸ்டார்ட் மெனுவில் உள்ள ஷட் டவுன் மாதிரி. நமக்குத் தேவை பிளக்கைப் பிடுங்கும் வழி. அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பெரிய அலுவலகங்களில் கதவருகே சிறிய பச்சைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் முகப்பை அழுத்தினால், கன்ட்ரோலரைக் கேட்காமலேயே பூட்டுக்குப் போகும் மின்கம்பியைத் துண்டித்துவிடும். விலை சில நூறு ரூபாய்தான். எங்கள் வாசலில் அது இல்லை. பூட்டு மாட்டியவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மூடுவது வேறு, பூட்டுவது வேறு

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வரும். மருத்துவமனை, பெரிய வணிக வளாகங்களில் மாடிப்படிக்கு முன்னால் கனமான கதவுகளைச் சுவரோடு காந்தம் பிடித்துத் திறந்து வைத்திருக்கும். தீ அலாரம் ஒலித்தால் காந்தம் விட்டுவிடும், கதவு மூடிக்கொள்ளும். "தீப்பிடித்தால் கதவு மூடலாமா?" என்று கேட்கத் தோன்றும். மூட வேண்டும். தீயையும் புகையையும் தடுத்து மாடிப்படியைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. 60 நிமிடம், 120 நிமிடம் என்று தாங்கும் நேரத்தைக் கணக்கிட்டுச் செய்யப்படும் கதவு அது. ஆனால் அது மூடுமே தவிரப் பூட்டாது. கையால் தள்ளினால் திறக்கும், விட்டால் மறுபடி மூடும். காற்று வரட்டும் என்று அதற்குச் செங்கல்லை முட்டுக் கொடுப்பவர்கள் புகைக்கு வழி விடுகிறார்கள்.

தீக்கதவில் காந்தம் விட்டால் மூடும். வாசல் பூட்டில் காந்தம் விட்டால் திறக்கும். இரண்டிலும் விதி ஒன்றுதான்: எல்லாம் செயலிழந்த நிலையிலும் உள்ளே இருப்பவர் வெளியே வர முடிய வேண்டும். வெளியேறும் கதவுகள் உள்ளிருப்பவர்களுக்குச் சாவி இல்லாமல் திறக்க வேண்டும் என்று இந்தியத் தேசியக் கட்டட விதித் தொகுப்பும் சொல்கிறது.

திருடன் வந்தால்?

இந்தக் கேள்வியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதன் பழைய விடை எவ்வளவு பேரைக் கொன்றது என்பதையும் பார்க்க வேண்டும். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் இறந்தார்கள். தொழிலாளர்கள் பொருளைத் திருடிச் செல்லாமல் இருக்க ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது. 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தபோதும், பால்கனியில் கூடுதல் இருக்கைகளால் வழி அடைபட்டிருந்தது, கதவுகளும் தாழிடப்பட்டிருந்தன.

இன்று நம்மிடம் இருப்பது இரும்புத் தாழ்ப்பாள் அல்ல, மின்னணுப் பூட்டு. உள்ளே வருவதற்கு ஒரு விதி, வெளியே போவதற்கு வேறு விதி என்று அதனால் வைக்க முடியும். 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக்கின் சேவைகள் சுமார் 6 மணி நேரம் முடங்கியபோது, ஊழியர்களின் கார்டுகளும் வேலை செய்யாமல் சில இடங்களுக்குள் நுழைய முடியவில்லை என்று செய்தி வந்தது. நுழைய முடியாமல் போவது தொல்லை. வெளியேற முடியாமல் போவது ஆபத்து.

எனவே பேட்டரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாதாரண மின்வெட்டுக்கு அது இருக்கட்டும். ஆனால் அவசர சுவிட்ச் பேட்டரிக்கும் காந்தத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். தீ அலாரம் இருந்தால் அதன் இணைப்பும் அங்கேயே வர வேண்டும். எங்கள் வாசலில் இப்போது அப்படித்தான் மாற்றியிருக்கிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது

கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்கு, டியூஷன் சென்டருக்கு, வீட்டு வாசலுக்கு என்று கைரேகைப் பூட்டும் ஸ்மார்ட் பூட்டும் இன்று எல்லா இடத்திலும் வந்துவிட்டன. வாங்குமுன் எத்தனை கைரேகை பதியலாம், மொபைலில் திறக்குமா என்று கேட்கிறோம். முதலில் கேட்க வேண்டியது இது: கார்டு, போன், விரல், மின்சாரம் எதுவும் இல்லாமல் உள்ளிருந்து கையால் திறக்க முடியுமா? வெறும் திருகுக் குமிழ் ஒன்று உட்புறம் இருந்தாலே போதும். இல்லை என்றால் அந்தப் பூட்டு வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒருவரை வெளியே நிறுத்திக்கொண்டு, கதவைத் திறந்து வைத்தபடியே மெயினை அணைத்துப் பாருங்கள். காந்தப் பூட்டானால், பேட்டரி இருக்கும்போதே அவசர சுவிட்சை அழுத்துங்கள். தகடு காந்தத்தில் ஒட்டாமல் கதவு ஆடுகிறதா என்று பாருங்கள். வீட்டில் உள்ள பெரியவருக்கும் குழந்தைக்கும் அந்தச் சுவிட்ச் எட்டுகிறதா என்றும் கவனியுங்கள்.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அதைத் திறந்தும் பார்க்க வேண்டும் என்பார்கள். கதவுக்கும் அதுவே பொருந்தும். பத்து நிமிட வேலை. எதிர்வீட்டுப் பாட்டி இப்போதும் அந்த வாசலைக் கடக்கும்போது பச்சைப் பெட்டியை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். நானும்தான்.