அரைப்பேர்

தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு அகராதிகளில் காணாத ஒரு பொருள் உண்டு. ஒரு நாள் வேலைக்காகச் செக்ரோலில் விழும் குறிக்குப் பேர் என்று பெயர். தோட்டம் குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். மழையில் நனைந்தது முழு உடம்பு; அட்டை கடித்தது இரண்டு கால்களையும்; மலையில் ஏறி இறங்கியது விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை. ஆயினும் தராசு ஒரு கிலோ தாழ்த்திச் சொல்லிவிட்டால் அந்த நாள் பாதி நாளாகிவிடும். என் தாயார் கொழுந்து எடுத்தவர். நான் பேராதனையில் தமிழ் படித்துப் பட்டம் பெற்று, இன்று மாத்தளை மாவட்டத்துப் பாடசாலையொன்றில் பெயர்ச்சொல்லுக்கும் வினைச்சொல்லுக்கும் வேற்றுமை சொல்லிக் கொடுக்கிறேன். எனினும் பெயர் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் முதலில் எனக்கு நினைவு வருவது நன்னூல் அன்று, அந்தச் செக்ரோலே.

நமது செய்தி உலகமும் ஒரு செக்ரோல் வைத்திருக்கிறது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் குற்றச்சாட்டு. பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி, இப்போது கையடக்கத் தொலைபேசி ஆகிய நான்கு தராசுகளிலும் மலையக மனிதன் நிறுக்கப்படுகிறான். அங்கே கேட்கப்படுவது கொழுந்தின் நிறை அன்று, கண்ணீரின் நிறை. குறித்த அளவு கண்ணீர் கொண்டுவந்தால் அன்றைக்கு அவன் செய்தி. கண்ணீரின்றி ஒரு கருத்தையோ, கோரிக்கையையோ, கணக்கையோ கொண்டுவந்தால் அவனுக்கு அரைப்பேர். பல நாள் அதுவுமில்லை.

வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. 2023ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். 1823இல் கோப்பித் தோட்டத்துக்கென நம் மூதாதையர் வரத் தொடங்கினர் என்று கணக்கிட்டு, அவ்வாண்டை இருநூறாவது ஆண்டாக நாம் நினைவுகூர்ந்தோம். அதே ஆண்டில் சென்னையின் ஜீ தமிழ் தொலைக்காட்சி நடத்திய ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ பாட்டுப் போட்டியில் இலங்கைச் சிறுமியர் இருவர் பாடினர். ஒருத்தி யாழ்ப்பாணத்தவள், அவளே அவ்வாண்டு டிசம்பரில் முதற்பரிசும் பெற்றாள். மற்றவள் மலையகத் தோட்டமொன்றில் பிறந்தவள். அவர்களின் பெயர்களை நாடே அறியும். ஆயினும் நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள் குழந்தைகள், என் வழக்கு அவர்கள்மீது அன்று. இருவரும் நன்றாகப் பாடினார்கள், நானும் மகிழ்ந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் இந்தப் பேச்சை எடுத்தபோது, நண்பர் ஒருவர், “ஏன் சேர், நம்ம பிள்ளை ஒண்டு பாடிப் பேர் எடுத்தா உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?” என்றே கேட்டுவிட்டார்.

எரிந்தது வயிறு அன்று. இத்தகைய போட்டிகளுக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. முதலில் பிள்ளை பாடும். பின்னர் திரையில் அதன் வீடு தோன்றும்: தகரக் கூரை, புகை படிந்த சுவர், அணையும் நிலையில் ஓர் அடுப்பு. எங்கிருந்தோ ஒரு வயலின் மெல்ல அழத் தொடங்கும். நடுவர் கைக்குட்டையை எடுப்பார். சபை எழுந்து நிற்கும். சரியாக அந்த இடத்தில் சவர்க்கார விளம்பரம் வரும். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று அழுகைக்கு நான்கு காரணங்களைத் தொல்காப்பியர் வகுத்தார். விளம்பரம் என்னும் ஐந்தாவது காரணத்தை அவர் காலம் அறியவில்லை.

லயக் காம்பரா வறுமையானது என்பது பொய்யா? பொய்யன்று. ஆனால், அது ஏன் வறுமையானது என்ற கேள்வியை அந்த வயலின் விழுங்கிவிடுகிறது. அடுப்பைக் காட்டுகிறவர்கள் அடுப்பு இருக்கும் நிலம் யாருடையது என்று கேட்பதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையைக் காட்டுகிறவர்கள், தலைமுறை தலைமுறையாக அதில் குடியிருப்பவருக்கு அதன் ஒரு கல்லிலும் உரிமை இல்லாதது எப்படி என்று கேட்பதில்லை. 1948இல் இந்நாட்டுச் சட்டம் நம்மைக் குடியுரிமையற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் நம்மைத் தலைக்கணக்கில் பங்கு போட்டுக்கொண்டனர். எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். இவை எல்லாம் வயலினுக்கு ஏற்ற செய்திகள் அல்ல. இவற்றைச் சொன்னால் பார்ப்பவர்க்குக் கண்ணீர் வராது, கோபம் வரும். கோபம் கொண்டவர் சவர்க்காரம் வாங்குவதில்லை.

அதே ஆண்டில், அதே வாரங்களில், இன்னொரு பயணமும் நடந்தது. 2023 ஜூலை 28ஆந் திகதி தலைமன்னாரில் ஒரு கூட்டம் நடக்கத் தொடங்கிற்று. மூதாதையர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைநாட்டின் வாயிலாகிய மாத்தளையை அடைந்த அதே திசையில், ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பெயருடன், பதினாறு நாள் அவர்கள் நடந்தார்கள். அந்தப் பழைய வழியில் பசியாலும் தாகத்தாலும் வாந்திபேதியாலும் வீழ்ந்தவர் பலர். அவர்களுக்குக் கல்லறை இல்லை. இந்த நடை அவர்களுக்கு எடுத்த நடுகல் என்று சொல்லலாம். ஆனால், அது துக்க ஊர்வலம் அன்று. நிலம், வீடு, கூலி, கல்வி, மொழி உரிமை என்று நாட்டின் முன் கோரிக்கைகளை வைத்த நடை. நம் மக்களுடன் சிங்களவரும் முஸ்லிம்களும் வடக்குத் தமிழரும் வந்து சேர்ந்துகொண்ட நடை. ஆகஸ்ட் 12, சனிக்கிழமை, அது எங்கள் மாத்தளையில் நிறைவுற்றது.

எண்ணிப் பாருங்கள். ஒரு பயணத்தில் ஒரு பிள்ளை, முன்னோர் விட்டுவந்த கரைக்கு விமானத்தில் போகிறாள். மறு பயணத்தில் ஒரு மக்கள் கூட்டம், முன்னோர் வந்த வழியைக் காலால் அளக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு முழுப்பேர். செய்தி உலகம் எதற்குப் பேர் போட்டது? நடைபயணச் செய்தி வரவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், வந்தது. ஆனால், அது உள்பக்கத்தில் வந்து மறுநாளே போயிற்று. மற்றது மாதக்கணக்கில் நம் வீட்டுக் கூடத்தில் குடியிருந்தது.

அடுத்த வாரம் என் பத்தாம் வகுப்பில் கேட்டேன். “போட்டியில் பாடிய நம் மலையகப் பிள்ளையைத் தெரிந்தவர்கள் கை உயர்த்துங்கள்.” முப்பத்தெட்டுக் கைகள். “தலைமன்னாரிலிருந்து நம் ஊருக்கு நடந்து வந்தவர்களைப் பற்றித் தெரிந்தவர்கள்?” மூன்று கைகள், அவற்றுள் ஒன்று, வீதி மூடியிருந்ததால் பஸ் தாமதமானதை நினைவில் வைத்திருந்த கை.

பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. சொல்லும் யோக்கியதை எனக்கும் இல்லை. அந்தச் சனிக்கிழமை நானும் ஊர்வலத்தின் கடைசிப் பகுதியில் சேர்ந்து சற்றுத் தூரம் நடந்தேன். கூட்டம் தொடங்கிப் பேச்சுகள் நீண்டபோது மெல்ல நழுவி வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன்? அன்று பாட்டுப் போட்டி ஒளிபரப்பாகும் கிழமை. வீட்டாருடன் அமர்ந்து பார்த்தேன், கண்ணைத் துடைத்தேன், இரவே அந்தக் காட்சித் துண்டை நாலைந்து பேருக்கு அனுப்பியும் வைத்தேன். பதினாறு நாள் நடந்து வந்தவர்களின் பேச்சில் ஒரு வரியைக்கூட நான் யாருக்கும் அனுப்பவில்லை. அன்றைய என் நாளுக்கு என் தாயார் பேர் போட்டிருந்தால் அரைப்பேர்தான் போட்டிருப்பார்.

“மக்கள் விரும்புவதைத்தானே கொடுக்கிறோம்” என்பது செய்தி வியாபாரிகளின் வழக்கமான விடை. மக்கள் விருப்பம் வானத்திலிருந்து விழுவதன்று, அது பழக்கப்படுத்தப்படுவது. இந்த மலைநாட்டில் வேறு பழக்கமும் இருந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளர் நிலையை நேரில் கண்டவர். 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்தியவர். தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சங்கம் கண்ட முன்னோடி முதலில் ஒரு பத்திரிகாசிரியர் என்பதை நம் பத்திரிகாசிரியர்கள் எத்தனை பேர் நினைக்கிறார்கள்? அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். தம் பாடல்களை 1940இல் நூலாகவும் வெளியிட்டார். அவை கேட்டவரை அழவைத்து வீட்டுக்கு அனுப்புவதற்காகப் பாடப்பட்டவை அல்ல. சங்கத்தில் சேர்ப்பதற்காகப் பாடப்பட்டவை. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாகச் சென்று தொகுத்த நாட்டார் பாடல்களிலோ, சோகம் இருக்கும் அளவுக்குக் கேலியும் இருக்கிறது. கங்காணியைக் குத்தும் சொல், துரையைப் பார்த்து நகைக்கும் நகைப்பு, கணக்கில் நடக்கும் களவைப் போட்டு உடைக்கும் துணிச்சல், எல்லாம் நம் பாட்டிமார் பாட்டில் இருந்தன. போட்டி மேடைக்கு அந்தப் பாட்டு வருவதில்லை; அங்கே பாடப்படுவது பெரும்பாலும் சினிமாப் பாட்டு. பாடும் பிள்ளை நம்முடையது, பாட்டு நம்முடையதன்று, பாட்டுக்குப் பின்னால் வரும் கண்ணீர்க் கதை மட்டும் நம்முடையது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் வீடுகளும் தேநீர்க் கடைகளும் இலங்கை வானொலிக்குக் காதைத் தீட்டிக் காத்திருந்தன. இன்று நம் குரலை நாமே கேட்பதற்குச் சென்னையின் நற்சான்று வேண்டியிருக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் வந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாத்தளை மாவட்டம் உட்பட மலைநாடெங்கும் மண் சரிந்தது. அப்போது மறுபடியும் கமராக்கள் மலை ஏறின. கண்ணீரின் நிறை மிகுந்திருந்தது. அதனால் முழுப்பேர் கிடைத்தது, சில வாரங்களுக்கு. சரிவின் விளிம்பில் லயங்கள் ஏன் நிற்கின்றன, அங்கிருந்து இறங்கிப் போக அந்த மக்களுக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலம் ஏன் இல்லை என்ற கேள்வி வரத் தொடங்கியபோது கமராக்களின் வாகனங்கள் இறங்கிவிட்டிருந்தன.

கூலிச் செய்தியையும் பாருங்கள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா. 2024இல் 1,700 என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. அவ்வாண்டிலேயே அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவில் வந்து நின்றது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படை 1,550, அரசாங்கத்தின் வருகை ஊக்குவிப்பு 200, ஆக 1,750 என அறிவிக்கப்பட்டது. கிரிக்கெட் ஓட்டக் கணக்கைப்போல் எண்கள் தலைப்பில் ஏறுகின்றன. அந்த 1,750 எத்தனை கிலோவுக்கு, மாதத்தில் எத்தனை நாள் வேலைக்கு, சாக்குக்கென்று எத்தனை கிலோ கழித்த பிறகு என்று கேட்ட செய்தியை நான் விரல்விட்டு எண்ணிவிடலாம். கூலியை எழுதுகிறவருக்குப் பேரும் தெரியவில்லை, அரைப்பேரும் தெரியவில்லை. இது மொழி தெரியாமை அன்று, வாழ்க்கை தெரியாமை.

எனவே கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் நோக்கி நாம் வைக்கவேண்டிய கோரிக்கை எளியது. எங்கள்மீது இரக்கம் கொள்ளாதீர்கள் என்று சொல்லவில்லை. இரக்கத்தோடு நின்றுவிடாதீர்கள் என்கிறோம். எங்களை அழுகிறவர்களாக மட்டுமன்றி, எண்ணுகிறவர்களாகவும், வாதிடுகிறவர்களாகவும், சிரிக்கிறவர்களாகவும், தவறு செய்கிறவர்களாகவும் எழுதுங்கள். மற்ற மனிதருக்குப் போடுகிற முழுப்பேரை எங்களுக்கும் போடுங்கள். நம்மவர்களை நோக்கியும் ஒரு சொல்: தராசை மட்டும் குறைகூறிக்கொண்டிருந்தால் போதாது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதவேண்டும். படிக்கத் தெரிந்தவர்கள் கண்ணீர்த் துண்டை அனுப்புவதற்கு முன் அதன் காரணத்தையும் சேர்த்து அனுப்பவேண்டும்.

சொல்லிவிட்டுச் சும்மா இருக்க மனம் வராமல், அண்மையில் என் வகுப்புக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். உங்கள் ஊரைப் பற்றி ஒரு செய்தி எழுதுங்கள். ‘பாவம்’, ‘பரிதாபம்’, ‘கண்ணீர்’ ஆகிய மூன்று சொற்களுக்கும் தடை. “சேர், அப்ப எதைத்தான் எழுதுற?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. இருபது ஆண்டுத் தொலைக்காட்சியின் வெற்றி அந்தக் கேள்வியில் இருந்தது.

மறுநாள் ஒரு மாணவி ஆறு வரிகள் எழுதிக்கொண்டு வந்தாள். தன் தாய் மூன்று நாள்களில் எடுத்த கொழுந்து எத்தனை கிலோ; எழுதப்பட்டது எத்தனை; சாக்கென்றும் ஈரமென்றும் கழிந்தது எத்தனை; அதனால் எத்தனை நாள் அரைப்பேர் விழுந்தது; கழிவைப் பற்றிக் கேட்டபோது கிடைத்த பதில் என்ன; மறுபடியும் கேட்கத் தாயாரும் மற்றப் பெண்களும் எந்த நாளைக் குறித்திருக்கிறார்கள். அவ்வளவே. தோட்டத்தின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அந்தப் பெண்கள் அங்கே வேலை செய்யவேண்டியவர்கள்.

ஆறு வரியிலும் எழுத்துப் பிழை மூன்று இருந்தது. திருத்தினேன். மற்றபடி அந்தச் செய்தியில் ஒரு சொல்லைக் கூட்டவும் குறைக்கவும் எனக்குத் தெரியவில்லை. புள்ளி போடவேண்டிய இடத்தில், சிவப்பு மையினால், ‘ஒரு பேர்’ என்று எழுதிக் கொடுத்தேன்.