பழைய ஜீப்புக்கு எந்த இன்ஜின் மாட்டலாம்? முதலில் ஆர்.சி புக்கைப் பாருங்க!

1948-ல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ்தான் இன்றைய எண்ணூர் அசோக் லேலண்ட். திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை 1950-களில் வந்தது. ஆக, வடசென்னைக்கும் இன்ஜினுக்கும் இருப்பது தலைமுறைகளைத் தாண்டிய உறவு. "இன்ஜின் போச்சா? வேற ஒண்ணு மாட்டிக்கலாம்" என்ற பேச்சு இங்கே சகஜம்.

ஆனால், பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வைத்திருப்பவர் அப்படிச் சட்டென மாட்டிவிட முடியாது. தவறான இன்ஜினைத் தேர்ந்தெடுத்தால் காசும் போகும், வண்டியின் பதிவுக்கும் சிக்கல் வரும். ஏன்?

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி-யில் உள்ள விவரங்களுக்கும் முரண்பாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது. சி.என்.ஜி, எல்.பி.ஜி, பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு கிட் பொருத்தி மாற்றுவதற்கு நிபந்தனைகளுடன் அனுமதி உண்டு.

கேரளாவில் இருந்து வந்த வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் தண்டனையையும் கூட்டியது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

முன்னாடி எல்லாரும் மாட்டினாங்களே?

உண்மைதான். மஹிந்திரா நிறுவனம் 1947 முதல் இந்தியாவில் வில்லிஸ் ஜீப்களை அசெம்பிள் செய்தது. அந்தக் கால ஜீப்கள் பெட்ரோலில் ஓடியவை. டீசல் விலை குறைவு என்பதால், பலர் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டினார்கள். பின்னாளில் மஹிந்திராவே எம்.எம் 540 போன்ற மாடல்களில் பியூஜியோ வகை டீசல் இன்ஜினைக் கொடுத்தது.

அதனால், பழைய ஜீப்பை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். இன்ஜின் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணையும், எரிபொருள் வகையையும் ஆர்.சி-யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால், முந்தைய உரிமையாளர் செய்த மாற்றம் இப்போது உங்கள் தலையில் விடியும்.

முன்னால் இருக்கும் வழிகள் என்ன?

ஒன்று, இருக்கும் இன்ஜினையே ரீகண்டிஷன் செய்வது. போர் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றி, கிராங்க்கை கிரைண்டிங் செய்வார்கள். இன்ஜின் எண் மாறாது, அதனால் ஆர்.சி-க்கும் பிரச்சினை இல்லை. வெள்ளத்தில் தண்ணீர் குடித்து நின்ற இன்ஜின் என்றால், கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

இரண்டு, அதே கம்பெனி, அதே வகை இன்ஜினை மாட்டுவது. பிளாக்கே உடைந்துவிட்டால் இதுதான் வழி. ஆர்.டி.ஓ அனுமதி பெற்று, புதிய எண்ணை ஆர்.சி-யில் ஏற்ற வேண்டும். பழைய இன்ஜினை வாங்கும்போது பில்லும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற ஆவணமும் கையில் இருக்கட்டும். திருட்டு வண்டியின் இன்ஜின் என்றால், வாங்கியவரும் போலீஸ் விசாரணைக்குப் போக வேண்டி வரும்.

மூன்று, வேறு கம்பெனியின் பவர் கூடிய இன்ஜின். இதுதான் ஆசை காட்டும் வழி, சட்டப்படி அடைபட்டிருப்பதும் இதுதான். தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. பழைய கியர்பாக்ஸும், டிரான்ஸ்ஃபர் கேஸும், ஆக்ஸிலும் பழைய இன்ஜினின் டார்க்குக்கு ஏற்ப செய்யப்பட்டவை. கூடுதல் இழுவை வந்தால் முதலில் உடைவது அவைதான். கனமான இன்ஜினை முன்னால் ஏற்றினால் ஸ்பிரிங், பிரேக், ஸ்டீயரிங் எல்லாமே திணறும். ஆர்.சி-யில் இல்லாத மாற்றத்தைக் காட்டி, விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் க்ளெய்முக்கு நிறுவனம் முட்டுக்கட்டை போடவும் வாய்ப்பு உண்டு.

செலவு செய்வது லாபமா?

வயதை மட்டும் வைத்து வண்டியை நிறுத்தும் தடை தமிழ்நாட்டில் இல்லை. ஆனால், வைத்திருக்கும் செலவு ஏறிவிட்டது. 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயானது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. இறக்குமதி செய்த நான்கு சக்கர வாகனம் என்றால் 80,000 ரூபாய்.

50 ஆண்டு கடந்த ஜீப்பை 'வின்டேஜ்' ஆகப் பதிவு செய்யும் வசதி 2021 முதல் உண்டு. ஆனால், இன்ஜினிலோ பாடியிலோ பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். வேறு இன்ஜின் மாட்டினால் அந்த வாய்ப்பும் கைநழுவும்.

இன்னொன்று, எண்ணூர், ராயபுரம் கடற்காற்றில் உப்பு அதிகம். இன்ஜினுக்குக் காசு கொடுக்கும் முன் வண்டியைத் தூக்கி, அடியில் சேசிஸ் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சேசிஸ் அரித்துப் போயிருந்தால், பதிவைப் புதுப்பிக்கும்போது ஆய்வில் வண்டி தேறுவது கஷ்டம். அப்புறம் எவ்வளவு நல்ல இன்ஜின் மாட்டியும் பிரயோஜனம் இல்லை.

ஆக, வரிசை இதுதான்: முதலில் ஆர்.சி, அடுத்து சேசிஸ், மூன்றாவது கியர்பாக்ஸ். இந்த மூன்றும் சரி என்றால் மட்டும் இன்ஜின் விலையைப் பேசலாம்.