தனிவீரரும் கூட்டுக்கதையும்: ஒரு மறுப்பு

சித்திரக்கதை என்ற சொல் செவியில் விழுந்தவுடனேயே முகஞ்சுளிக்கும் அறிஞர் பல்கலைக்கழகங்களில் இன்றும் உளர். அதிலும், சூப்பர் ஹீரோக்கள் எனப்படும் அதிமானிட வீரர் பத்துப் பேர், இருபது பேர் எனத் திரண்டு நிற்கும் தொடர்களை இதழ் இதழாகப் பின்தொடரும் மாணவனைக் கண்டால் அவர்தம் சினம் இருமடங்காகின்றது. அவன் பதுளையிலிருந்தோ பசறையிலிருந்தோ வந்த தோட்டத் தொழிலாளியின் மகனாயின், பெற்றோர் கொழுந்து பறிக்க இவன் பொம்மை பார்க்கின்றான் என்ற ஏளனமும் சேர்ந்துகொள்ளும். இவ்வேளனத்தின் பின்னால் மூன்று குற்றச்சாட்டுகள் உள்ளன. ஒன்று, இக்கதைகள் அந்நிய வணிகச் சரக்கு. இரண்டு, பாத்திரப் பெருக்கத்தாற் குழம்பியவை, முடிவற்றவை. மூன்று, வீரனொருவன் வந்து மீட்பான் என்ற மயக்கத்தை வளர்த்துப் போராட்ட உணர்வை மழுங்கடிப்பவை. இம்மூன்றும் ஆராயத்தக்கன.

அந்நியச் சரக்கு என்ற வாதத்தை முதலில் நோக்கலாம். 'எக்ஸ்-மென்' தொடரை வெளியிடும் மார்வெல் நிறுவனம் 2009ஆம் ஆண்டு டிஸ்னியின் உடைமையாயிற்று. விற்பனையை நோக்கிப் பாத்திரங்களைக் கொல்வதும், பின்னர் உயிர்ப்பிப்பதும் அத்தொழிலின் வழக்கம். இதனை மறுப்பார் இலர். ஆயின், தேயிலையும் அந்நியர் கொணர்ந்த வணிகப் பயிரே. அதனால், தேயிலை மலையிற் பிறந்த பாட்டு அந்நியமாகிவிட்டதா? பண்டத்தை ஆக்கியவன் நோக்கம் ஒன்று. அதனைக் கொள்வோர் அதிற் காண்பது மற்றொன்று. கற்றோரின் இகழ்ச்சியும் நிலையானதன்று. நாட்டுக்கூத்தைப் படியாதோர் பொழுதுபோக்கு என ஒதுக்கியோர், பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றைப் பேராதனையில் மேடையேற்றிய பின்னரே அதனைக் கலையென ஒப்பினர். அவர் கூத்தைச் சுருக்கிச் செப்பனிட்டார் என்பது உண்மையே. ஆயினும் அதன் உயிர் கிராமத்தில் முன்னரே இருந்தது. அன்று கூத்தின்மீது வீசப்பட்ட சொற்களே இன்று சித்திரக்கதையின்மீது வீசப்படுகின்றன.

பாத்திரப் பெருக்கம் குழப்பம் என்னும் இரண்டாம் வாதத்துக்கு மலையகத் தோட்டங்களே விடை கூறும். மாசி மாதத்தில் காமன் ஊன்றப்பட்ட நாள் தொடங்கிக் காமன் தகனம் வரை, ரதியும் மதனும் தூதனும் வீரபத்திரனும் எமனும் சிவனும் தப்பொலிக்கு ஆடி வருவர். பொன்னர் சங்கர் கதையிலோ பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி, தாய் தாமரை, பகைவன் தலையூர் காளி, பணியாளன் சாம்புவன், கொம்பன் என்னும் பன்றி என உறவும் பகையும் தலைமுறை தாண்டிப் பின்னிக் கிடக்கின்றன. நடுவில் வந்து அமர்ந்தவனுக்கு இது விளங்காதுதான். விளங்காமை கதையின் குற்றமன்று, வந்தவனின் புதுமை. பாடசாலைப் படியேறாத தோட்டத்து மூதாட்டி இத்தனை பாத்திரங்களையும் நினைவில் வைத்திருந்தால் அது மரபறிவு; அவள் பேரன் எக்ஸ்-மென் அணியின் வரலாற்றை நினைவில் வைத்திருந்தால் அது வீண்பொழுது. இது என்ன நீதி?

அவ்வரலாறுதான் யாது? 1963இல் ஸ்டான் லீ, ஜாக் கிர்பி இருவரும் ஐந்து மாணவரைக் கொண்டு தொடங்கிய தொடர் அது. 1975இல் கென்யா, ஜெர்மனி, சோவியத் நாடு, கனடா முதலிய நிலங்களின் மாந்தரும் அதனுட் புகுந்தனர். அவ்வாண்டு முதல் 1991 வரை கிறிஸ் கிளேர்மொண்ட் என்ற ஒருவரே அதனை எழுதி வந்தார். பிறப்பினாலேயே வேறானவர் எனப் பிறந்த மண்ணில் வெறுக்கப்படுவோரின் கதை அது. 1981இல் வெளிவந்த பகுதியொன்றில், அத்தகையோர் வகைபிரிக்கப்பட்டு முகாம்களில் அடைக்கப்படும் எதிர்காலம் காட்டப்படுகின்றது. அதனை எழுதியோர் மடுல்சீமையையோ நமுனுகுலையையோ மனங்கொண்டு எழுதவில்லை. ஆயினும், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அக்கதையை விளக்க உரையாசிரியர் எவரும் வேண்டியதில்லை.

இங்கேதான் இவ்விவாதத்தின் உயிர்நிலை உள்ளது. மலையக மக்களின் வரலாறு எண்களாலேயே எழுதப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. அவ்வொப்பந்தத்தில் ஓர் அருக்காணியும் இல்லை. ஒரு சாம்புவனும் இல்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோதும், நாட்டின் செவியில் முதலில் விழுந்தது ஓர் எண். அந்த எண்ணும் நாளுக்கு நாள் மாறியது. பலர் கூடிய கதையைத் தொடர்வதென்பது ஒருவரையும் எண்ணாகக் கரையவிடாத பயிற்சி. இவர் யார், இவருக்கு யார் உறவு, சென்ற இதழில் இவருக்கு நேர்ந்தது யாது, இவ்விதழில் இவர் ஏன் காணப்படவில்லை என வினவும் பயிற்சி. எண்ணாக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு இதனினும் பயனுள்ள பயிற்சி எது?

மூன்றாவது வாதம் வலுவுடையது. ஆயின் தவறான இடத்தில் ஏவப்பட்டது. 1972இல் சிவகாசியில் தோன்றிய முத்து காமிக்ஸும் 1984இல் தோன்றிய லயன் காமிக்ஸும் தமிழுக்குத் தந்தவை பெரும்பாலும் இரும்புக்கை மாயாவி போன்ற தனிவீரர் கதைகளே. தமிழ்த் திரைப்படமும் ஒரு வீரனையே நம்பி நிற்கின்றது. ஒருவன் வருவான், அடிப்பான், மீட்பான் என்ற அந்நம்பிக்கை தேர்தல் மேடைக்கும் தொழிற்சங்க மேடைக்கும் தொற்றி, தோட்டத்து மக்களைத் தலைவரின் வருகைக்காகக் காத்திருப்போராக்கியது. அம்மயக்கத்தை முறிக்கவல்லது கூட்டுக்கதையே. அங்கே ஒருவனின் வலிமை மற்றவனின் குறையை நிரப்புகின்றது. எவனும் தனித்து வெல்வதில்லை. சம்பளப் போராட்டத்தின் இலக்கணமும் இதுவன்றோ!

சித்திரக்கதையை விரும்புவோரும் கண்டனத்துக்கு அப்பாற்பட்டவரல்லர். எக்ஸ்-மென் அணியின் கடைசி உறுப்பினன்வரை பெயர் சொல்லும் இளைஞன், தன் தோட்டத்தில் ரதி வேடம் பூண்டு ஆடியவர் யார் எனக் கேட்டால் விழிக்கின்றான். பொன்னர் சங்கர் என்ற தலைப்பில் சகோதரர் இருவரின் பெயர்களே உள்ளன. வேட்டையிலும் போரிலும் உடனின்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பணியாளன் சாம்புவனின் பெயர் இல்லை. அப்பெயரைத் தேடாதவன் பெருங்கதையைத் தொடரவில்லை. சரக்கை நுகர்கின்றான், அவ்வளவே. கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் இளையோர் இறங்கிச் செல்ல, காமன் பொட்டலில் வேடங்கட்ட ஆள் குறைகின்றது. பலர் கதைக்குப் பலர் வேண்டும்.

பழையதும் புதியதும் இணையும் வழியும் இல்லாமலில்லை. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் கொங்கு நாட்டிற் பதிவுசெய்த அண்ணன்மார் கதை, பின்னர் 26 பகுதிகளாக அசைவூட்டப் படமாகவும் சித்திரக்கதையாகவும் உருப்பெற்றது. வேற்று நாட்டவர் ஒருவர் செய்ததை ஊவாவின் பிள்ளைகள் செய்யலாகாதா? கங்காணியும் கொழுந்துக்காரியும், ஒப்பந்தத்தால் கப்பலேறியவளும், லயத்தில் எஞ்சிய அவள் தங்கையும், கொழும்பில் தட்டுக் கழுவும் சிறுவனும் ஒரே தொடரில் பெயரோடு நடமாட வேண்டும். மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. இருநூறு ஆண்டுக் கதைக்கு ஒரு வீரன் போதான்.

சித்திரக்கதையைத் தூற்றுவோர் முதலில் கூத்தின் பாத்திரப் பட்டியலைக் கற்றுவரட்டும். கூத்தை மறந்து சித்திரக்கதையைப் போற்றுவோரும் அவ்வாறே செய்யட்டும். அதன்பின் இரு சாராரும் வாதிடலாம்.