“ஃபார்மட் பண்ணிடலாம் சார்!”

போன மாதம் ஒரு நாள் காலை, காபி குடித்துவிட்டு வழக்கம்போல் மடிக்கணினியைத் திறந்தேன். லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். அதற்குப் பிறகு வெறும் கறுப்புத் திரை. கீழே பட்டை இல்லை, மெனு இல்லை, ஒரு ஐகான்கூட இல்லை. மவுஸ் அம்பு மட்டும் அங்குமிங்கும் அலைந்தது. மூன்று முறை அணைத்துப் போட்டும் அதே கதைதான்.

பக்கத்துத் தெருக் கடைக்கு எடுத்துப் போனேன். தம்பி ஒரு நிமிஷம் பார்த்தார். “ஃபார்மட் பண்ணிடலாம் சார். விண்டோஸே போட்டுத் தரேன். சாயங்காலம் வாங்க. உள்ளே முக்கியமா ஏதும் இருக்கா?” என்றார்.

இருந்தது. காலமான என் அம்மா தன் கடைசி வருடங்களில் சொன்ன ஊர்க்கதைகளையும் தாலாட்டுகளையும் பதிவு செய்து வைத்திருந்தேன். வேறு பிரதி கிடையாது. அது என் முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன். “கொஞ்சம் யோசிச்சுட்டு வரேன்ப்பா” என்று திரும்பி வந்துவிட்டேன்.

நான் தொலைபேசித் துறையில் 34 வருடம் வேலை பார்த்தவன். ‘போன் டெட்’ என்று புகார் வந்தால் உடனே தெருவில் இறங்கிப் பள்ளம் தோண்ட மாட்டோம். எக்ஸ்சேஞ்சில் எம்டிஎஃப் என்று ஒரு பெரிய சட்டம் இருக்கும். வெளியிலிருந்து வரும் கேபிளும் உள்ளேயிருக்கும் கருவியும் சேருமிடம் அது. அங்கே லைனைப் பிரித்து இரண்டு பக்கமும் சோதிப்போம். பழுது உள்ளேயா, வெளியேயா? பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அதே புத்தியை வீட்டில் உபயோகித்தேன். அம்பு நகர்கிறது என்றால் லினக்ஸ் எழுந்துவிட்டது, திரைக்குப் படம் அனுப்பும் பகுதியும் வேலை செய்கிறது என்று அர்த்தம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். படம் ஏதுமில்லாத, வெறும் எழுத்துத் திரை வந்தது. உள்ளே நுழைந்து கோப்புகளைப் பட்டியலிட்டால், ‘அம்மா’ என்று நான் தமிழில் பெயர் வைத்திருந்த ஃபோல்டர் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. அந்தத் திரைக்குத் தமிழ் வராது. அளவைக் கேட்டேன். 3 ஜிபி சொச்சம். அப்பாடா! ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

அடுத்து, வட்டில் இடம் நிரம்பிவிட்டதா என்று பார்த்தேன். நிரம்பினாலும் டெஸ்க்டாப் வராமல் போகும். தாராளமாக இடம் இருந்தது. பிறகு புதிதாக ஒரு பயனரை உருவாக்கி, அந்தப் பெயரில் நுழைந்தேன். பட்டை, மெனு, ஐகான் எல்லாம் ஜம்மென்று வந்து நின்றன! இதுதான் என் எம்டிஎஃப். கணினியில் பழுதில்லை, என்னுடைய அமைப்புகளில் மட்டும்தான் கோளாறு.

கடைசியில் குற்றவாளி நான்தான். வெளியேறும்போது ‘இப்போதுள்ள நிலையை அடுத்த முறைக்கும் சேமி’ என்றொரு கட்டம் வரும். அதில் டிக் போட்டிருந்தேன். பட்டை ஏதோ காரணத்தால் விழுந்து கிடந்த நேரத்தை அது அப்படியே சேமித்து, தினமும் விசுவாசமாக அதையே திருப்பிக் கொடுத்திருக்கிறது. வீட்டு ஃபோல்டரில் ‘.கேஷ்’ என்ற மறைந்த ஃபோல்டருக்குள் ‘செஷன்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதை அழிக்கவில்லை, பெயரை மட்டும் மாற்றினேன். மறுபடி நுழைந்தால் என் பழைய டெஸ்க்டாப்!

கடைத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். ஃபார்மட் செய்ய அவர் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. பழுதைக் கண்டுபிடிக்க உட்கார வேண்டும். அந்த நேரத்துக்கு நாம் காசு கொடுக்கிறோமா? “சும்மா நாலு பட்டன் தட்டினதுக்கு இவ்வளவா?” என்று கேட்கிறவர்கள் நாம்தானே! ஃபார்மட்டே தேவைப்படும் சந்தர்ப்பங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது கடைசி வழி. முதல் வழியாக அதைச் செய்தால் பழுதோடு சேர்ந்து அதன் காரணமும் அழிந்துவிடும். நானும் மறுநாளே அதே கட்டத்தில் மறுபடி டிக் போட்டிருப்பேன்.

அதனால் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தமல்ல. யாராவது “அழிச்சிடலாம்” என்றால், “முதல்ல உள்ளே இருக்கிறதை வெளியே எடுத்துக் கொடுப்பா, அதுக்குத் தனியா காசு தரேன்” என்று சொல்லுங்கள். லினக்ஸ் போட்ட ஒரு பென்டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பினால், பெரும்பாலும் கோப்புகளைச் சேதமில்லாமல் நகலெடுத்துவிடலாம்.

அம்மாவின் குரல் இப்போது இரண்டு பென்டிரைவில் இருக்கிறது. ஒன்று என் பீரோவில், இன்னொன்று தங்கை வீட்டில்.