சத்தத்துக்குள் ஒளிந்திருந்த பையன்

ஆறே பகுதிகள். தலையும் புரியாது, காலும் புரியாது என்று பெயரெடுத்த ஜப்பானியத் தொடர். இருபத்தைந்து ஆண்டு கழித்து மறுபடி பார்த்தால் எல்லாமே புரிகிறது.

கதையைச் சொன்னால் கேட்பவர் சிரிப்பார். 12 வயதுப் பையன் ஒருவன். மஞ்சள் நிற வெஸ்பா ஸ்கூட்டரில் பறந்து வரும் ஒரு பெண் அவன் மீது மோதுகிறாள். நீல நிற பாஸ் கிடாரை ஓங்கி அவன் நெற்றியில் ஒரு போடு போடுகிறாள். நெற்றி வீங்கிக் கொம்பாக முளைக்கிறது. பையன் அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். பிறகு அந்த நெற்றியிலிருந்து, டி.வி. பெட்டியைத் தலையாகக் கொண்ட ரோபோ ஒன்று வெளியே வருகிறது. கொஞ்ச நாளில் ரோபோ அவன் வீட்டில் எடுபிடி வேலை செய்கிறது. ஸ்கூட்டர்காரியோ அதே வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்துவிட்டாள்.

'ஃபுரி குரி' தொடங்குவது இப்படித்தான். எஃப்எல்சிஎல் என்று நான்கு ஆங்கில எழுத்துகளில் எழுதப்படும் இந்தத் தலைப்புக்கு அர்த்தம் என்ன என்று தொடருக்குள் வருபவர்களே கேட்கிறார்கள். உருப்படியான பதில் யாரிடமும் இல்லை. 2000 ஏப்ரல் முதல் 2001 மார்ச் வரை ஜப்பானில் ஒவ்வொரு பகுதியாக வீடியோவில் வெளிவந்தபோதும், 2003ல் அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க்கின் 'அடல்ட் ஸ்விம்' இரவு நேர ஒளிபரப்பில் வந்தபோதும், ரசிகர்கள் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான்: ஒன்றும் புரியவில்லை, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயருக்குக் காரணம் இருக்கிறது, நியாயம்தான் இல்லை. மொத்தத் தொடரும் இரண்டரை மணி நேரம், ஒரு தமிழ்ப் படத்தின் நீளம். மறுபடி உட்கார்ந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது, இதில் கதை மிகமிக எளிமையானது என்பதுதான்.

பையனின் பெயர் நவோத்தா. ஊர், மபாசே என்ற கற்பனை ஊர். அண்ணன் தாசுகு பேஸ்பால் ஆட்டத்தில் கெட்டிக்காரன். விளையாட அமெரிக்கா போய்விட்டான். இரண்டடுக்குக் கட்டிலில் அவன் படுக்கை காலியாகக் கிடக்கிறது. அவனுடைய மட்டையைத் தம்பி தூக்கிக்கொண்டு அலைகிறான்; ஆட்டத்தில் இறங்கினால் சுழற்றுவதில்லை. அண்ணனின் தோழி மமிமிக்கு 17 வயது. பள்ளியில் மற்றவர்களின் கேலிக்கு ஆளானவள். ஆற்றங்கரையில் நவோத்தாவோடு உட்கார்ந்து, அண்ணன் விட்டுப் போன இடத்தில் தம்பியை வைத்துப் பார்க்கிறாள். அண்ணனுக்கு அமெரிக்காவில் வேறு பெண் கிடைத்துவிட்டாள் என்று நவோத்தாவுக்குத் தெரியும். அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இவ்வளவுதான் கதை. ரோபோ, விண்வெளி போலீஸ், பிரபஞ்சக் கொள்ளைக்காரன் எல்லாம் இதன் மேல் கொட்டிய சாமான்கள். முதல் முறை பார்ப்பவர் சாமான்களைப் பார்க்கிறார். இரண்டாம் முறை பார்ப்பவர் காலிப் படுக்கையைப் பார்க்கிறார். ஸ்கூட்டரில் வந்த ஹருகோ, வந்ததும் வராததுமாக ஏறிப் படுத்துக்கொள்வது அந்தப் படுக்கையில்தான்.

தொடரைத் தயாரித்தவை கைனாக்ஸ், புரொடக்ஷன் ஐ.ஜி. என்ற இரண்டு ஸ்டூடியோக்கள். 1984ல் தொடங்கப்பட்ட கைனாக்ஸ், அதற்குச் சற்று முன்புதான் 'இவாஞ்செலியன்' (1995-96) மூலம் ஜப்பானையே உலுக்கியிருந்தது. ராட்சத இயந்திரத்துக்குள் பயந்த சிறுவனை உட்கார வைத்து, உலக அழிவைப் பற்றி இறுகிய முகத்தோடு பேசிய தொடர் அது. அதில் உதவி டைரக்டராக இருந்த கசுயா சுருமாகிக்கு 'ஃபுரி குரி'யில் முதன்முதலாகத் தனித் தொடரின் பொறுப்பு கிடைத்தது. எழுதியவர் யோஜி எனோகிதோ. பாத்திரங்களை வரைந்தவர் இவாஞ்செலியனின் ஓவியர் யோஷியுகி சதாமோட்டோ. முந்தைய தொடரின் சிறுவனும் இவர்கள் கண்ணில் இருந்திருக்க வேண்டும். அங்கே அப்பா கைவிட்ட பையன். இங்கே அண்ணன் விட்டுப்போன பையன். அங்கே அழுகை; இங்கே, அழ வேண்டிய நேரத்திலெல்லாம் நெற்றியில் ஏதாவது முளைக்கிறது.

அந்த நெற்றி விவகாரத்துக்குத் தொடர் ஒரு போலி விஞ்ஞான விளக்கம் தருகிறது. மூளையின் இடது, வலது பாதிகளைப் பயன்படுத்தி, எங்கோ தொலைவில் உள்ள பொருளை இங்கே இழுத்து வரலாமாம். விளக்கத்தை மறந்துவிட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவு. நவோத்தா சொல்லாமல் விழுங்கும் ஒவ்வொன்றும் இயந்திரமாக வெளியே வருகிறது. பெரியவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, இந்த ஊரில் எதுவுமே நடக்காது என்று அலுத்துக்கொள்வது அவன் வழக்கம். அவன் அலுத்துக்கொள்ளும்போது அவன் தலையிலிருந்தே ஊரை இடிக்கும் பூதங்கள் கிளம்புகின்றன.

படங்கள் கண்ணைப் பறிப்பதும் இதனால்தான். ஊர் நடுவில் ஒரு தொழிற்சாலை. மருத்துவக் கருவி செய்யும் கம்பெனி என்று பெயர். வடிவம் துணிக்குப் போடும் இஸ்திரிப் பெட்டி. அது தினமும் விடும் நீராவி ஊர் முழுக்கப் பரவுகிறது. வெறும் வேடிக்கை என்று முதலில் தோன்றும். கடைசிப் பகுதியில் ரகசியம் வெளியாகிறது: மூளையின் மடிப்புகளை இஸ்திரி போட்டு நீக்கிவிட்டால் யாரும் எதையும் யோசிக்க மாட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரக் குமிழி உடைந்த பிறகு, பத்து ஆண்டுகள் தேங்கிக் கிடந்த ஜப்பானின் சிற்றூர் ஒன்றில் இப்படியொரு பெட்டியை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது வெறும் நகைச்சுவையாக இருந்திருக்காது.

இன்னொன்று, அரசாங்க அதிகாரி அமராவ். அவருடைய தடித்த கறுப்புப் புருவங்கள், உண்மையில் நெற்றியில் ஒட்டிய உலர்ந்த கடல்பாசித் துண்டுகள். இளமையில் ஹருகோவிடம் சிக்கிச் சீரழிந்தவர் அவர். இப்போது புருவத்தை ஒட்டிக்கொண்டு பெரிய மனிதராக நடமாடுகிறார். முதல் முறை பார்க்கும்போது அவர் கோமாளி. நாற்பதைத் தொட்ட பிறகு பார்ப்பவருக்கு, தொடரிலேயே நன்றாகத் தெரிந்த முகம் அவருடையதாக இருக்கலாம்.

வரைகலையில் இவர்கள் கை வைக்காத இடம் இல்லை. குடும்பம் சேர்ந்து பேசும் காட்சி திடீரென்று கறுப்பு வெள்ளை காமிக்ஸ் பக்கமாக மாறுகிறது. காமிரா கட்டம் கட்டமாகத் தாவுகிறது. ஐந்தாம் பகுதியில் ஒரு கணம் எல்லோரும் அமெரிக்க 'சவுத் பார்க்' பொம்மைகளாகிவிடுகிறார்கள். இங்கே பணியாற்றிய இளைஞர்களில் ஒருவர் ஹிரோயுகி இமாய்ஷி. பின்னாளில் 'குர்ரென் லகான்' (2007) இயக்கி, ட்ரிக்கர் ஸ்டூடியோவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவருடைய பாய்ச்சலின் ஒத்திகை இதில் தெரிகிறது.

கண் இப்படித் திணறும்போது பார்ப்பவரைப் பிடித்து நிறுத்துவது இசை. 'தி பில்லோஸ்' என்ற ராக் குழு 1989ல் தொடங்கியது. பாடகரும் கிடார் கலைஞருமான சவாவ் யமனாகா, கிடாரில் யோஷியாகி மனாபே, டிரம்ஸில் ஷின்இச்சிரோ சாட்டோ. பெரிய வெற்றி எதையும் காணாமல் பல ஆண்டுகள் ஓட்டிய குழு. 1997 முதல் 1999 வரை வெளிவந்த அவர்களுடைய ஆல்பங்களில் இருந்துதான் தொடரின் பெரும்பாலான பாடல்கள் எடுக்கப்பட்டன. 'ரைட் ஆன் ஷூட்டிங் ஸ்டார்', 'ஐ திங்க் ஐ கேன்' போன்ற மிகச் சிலவே இதற்கென்று எழுதப்பட்டவை.

இந்த ஏற்பாட்டில் ஒரு லாபம் இருக்கிறது. காட்சிக்கு ஏற்றபடி இசையமைத்தால், இசை காட்சியைத் திருப்பிச் சொல்லும். இங்கே பாடல்கள் காட்சிக்கு முன்பே பிறந்தவை. அவை தங்கள் சொந்தத் தனிமையோடு உள்ளே வருகின்றன. திரையில் ரோபோக்கள் அடித்துக்கொள்ளும். பாட்டோ, எங்கும் சேராமல் நிற்கும் ஒருவனின் குரலில் ஓடிக்கொண்டிருக்கும். நவோத்தா வாயைத் திறந்து சொல்லாததை எல்லாம் யமனாகா பாடிவிடுகிறார். மொழி தெரியாத அமெரிக்க இளைஞர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. 2005ல் குழு அமெரிக்காவில் மேடையேறியபோது, அங்கே அவர்களுக்கு ரசிகர் கூட்டத்தைச் சேர்த்து வைத்திருந்தது இந்த ஆறு பகுதிகள்தான். இன்னொரு வேடிக்கை: 1992ல் ஒருவர் விலகிய பிறகு இந்தக் குழுவில் நிரந்தர பாஸ் கிடார் கலைஞரே இல்லை. அவர்கள் பாட்டுக்கு ஆடும் தொடரின் நாயகி ஆயுதமாகச் சுழற்றுவது பாஸ் கிடார்.

மறுபடி பார்க்கும்போது இனிக்காத பக்கமும் உண்டு. ஹருகோ தனக்கு வயது 19 என்கிறாள். அவள் தேடுவது அடோம்ஸ்க் என்ற விண்வெளிக் கொள்ளைக்காரனை. பையனின் தலை அவளுக்கு வெறும் கதவு. மமிமிக்கு அவன் அண்ணனின் நிழல். அப்பாவோ புதிதாக வந்த வேலைக்காரி பின்னால் பல்லிளித்துத் திரிகிறார். உனக்கு என்ன வேண்டும் என்று இந்தப் பையனிடம் ஆறு பகுதிகளிலும் பெரியவர் யாரும் கேட்பதில்லை. 2000ல் இதெல்லாம் குறும்பாக எடுத்துக்கொள்ளப்பட்டது. இன்று சில ஜோக்குகள் தொண்டையில் நிற்கின்றன. சுருமாகியும் எனோகிதோவும் இதை அறியாதவர்கள் அல்ல. பையன் ஏமாறும்போது காமிரா அவன் முகத்தில்தான் நிற்கிறது. ஆனாலும் கண்டிப்பதும் ரசிப்பதுமாக இரண்டு படகில் கால் வைக்கிறார்கள் என்ற குறை இருக்கத்தான் செய்கிறது. தொடரை நேசிப்பவர்கள் இதைச் சேர்த்தே நேசிக்க வேண்டியிருக்கிறது.

நல்ல பகுதி எது என்று கேட்டால் பலர் நான்காவதைச் சொல்வார்கள். வானத்திலிருந்து பேஸ்பால் வடிவில் வெடிகுண்டு ஒன்று ஊர் மீது விழுகிறது. அதை அடித்துத் திருப்ப வேண்டியவன், ஆட்டத்தில் ஒருநாளும் மட்டையைச் சுழற்றாத நவோத்தா. சுழற்றாதவனுக்குத் தோல்வி கிடையாது. அண்ணனோடு ஒப்பிடவும் ஆளிருக்காது. அந்த வசதியை அவன் விட்டுக்கொடுக்கும் ஒரு நொடிக்காகவே முழுப் பகுதியும் கட்டப்பட்டிருக்கிறது. கையில் மட்டைக்குப் பதில் கிடார். சுழற்றுகிறான். பந்து பறந்ததா என்பதைவிட, பையன் கையை அசைத்தான் என்பதில்தான் மனம் நிறைகிறது.

வெற்றி கண்ட எதையும் வியாபாரம் சும்மா விடுவதில்லை. 2018ல் 'புரோக்ரெஸிவ்', 'ஆல்டர்னேட்டிவ்', 2023ல் 'கிரஞ்ச்', 'ஷூகேஸ்' என்று நான்கு தொடர்ச்சிகள் வந்தன. புதிய பிள்ளைகள், புதிய நெற்றிகள், அதே ஹருகோ. 2018ல் பில்லோஸ் பாட்டும் திரும்பியது. கெட்ட படைப்புகள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எதுவும் புரியவில்லை என்ற அந்தப் புகழை அவை காப்பாற்ற முயன்ற அளவுக்கு, காலிப் படுக்கையைத் தேடவில்லை.

இதற்கிடையே தொடரை உருவாக்கிய உலகமும் கலைந்துவிட்டது. கடனில் மூழ்கிய கைனாக்ஸ் 2024ல் திவாலானது. 35 ஆண்டுகள் பாடிய பில்லோஸ் 2025 தொடக்கத்தில் கலைந்தது. சுருமாகி மட்டும் அதே எனோகிதோவைச் சேர்த்துக்கொண்டு 2025ல் புதிய 'கண்டம்' தொடர் ஒன்றை இயக்கினார். அதிலும் இளம் வயதினர். அதிலும் அலுப்பான அன்றாடத்தை உடைத்துக்கொண்டு பாயும் இயந்திரங்கள்.

எஞ்சியிருப்பது கடைசிப் பகுதி. பிரபஞ்சத்தையே புரட்டும் சக்தி நவோத்தாவின் கைக்கு வருகிறது. ஹருகோவை வீழ்த்தலாம். அவன் அப்படிச் செய்வதில்லை. உன்னைப் பிடித்திருக்கிறது என்கிறான். ஆறு பகுதிகளில் அவன் ஒளிக்காமல் சொல்லும் ஒரே வார்த்தை அதுதான். அதற்குப் பரிசு எதுவும் கிடைப்பதில்லை. நீ இன்னும் சின்னப் பையன் என்று சொல்லிவிட்டு அவள் ஸ்கூட்டரைக் கிளப்பிப் போய்விடுகிறாள். மமிமியும் போட்டோ எடுக்கக் கற்கப் போகிறாள். ஊரில் இஸ்திரிப் பெட்டி நிற்கிறது. நவோத்தா அடுத்த பள்ளியின் சீருடையை மாட்டிக்கொள்கிறான்.

வளர்ந்துவிட்டதாக நடிப்பதை நிறுத்திய அன்றுதான் அவன் கொஞ்சம் வளர்கிறான். இதைச் சொல்ல இத்தனை சத்தம் தேவையா என்று கேட்கலாம். 12 வயதுப் பையனின் தலைக்குள் சத்தம் இதைவிடக் குறைவாக இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. அவள் போன பிறகு அவன் அறையில் நீல நிற பாஸ் கிடார் மட்டும் இருக்கிறது. வாசிக்க அவனுக்கு இன்னும் தெரியாது.